பையனை எந்த ரேஸில் சேர்ப்பது?

கேள்வி: வணக்கம் சார். பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தக்காளியும் கொஞ்சம் மாந்தோப்பும் இருக்கிறது. மகனுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறான். நாலைந்து வருடமாகவே எங்கள் கொல்லையில் பழைய ஸ்ப்ளெண்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அவன் மாமா வத்தல்மலை ரோட்டுக்குக் கூட்டிப்போய் வளைவுகளில் பழக்குகிறார். நன்றாகச் சாய்க்கிறான் என்கிறார். ஓசூரில் கேடிஎம் ஆர்சி 390 ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நேராகப் பெரிய வண்டியில் பழகினால்தான் சீக்கிரம் மேலே போகலாம் என்று சொல்கிறார்கள். மினிஜிபி, ஒன் மேக், டேலண்ட் கப், சூப்பர்கிராஸ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்த வகுப்பில் சேர்த்தால் பையன் நல்ல ரைடராக வருவான்? ஸ்பெயினில் நாலு வயதிலேயே ஆரம்பிக்கிறார்களாமே, நாங்கள் லேட்டா? என் மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. நானும் வருவேன் என்று 11 வயது மகள் வேறு அடம்பிடிக்கிறாள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: வணக்கம் அண்ணா. முதல் வேலையாக அந்த அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். முழுசாக வராவிட்டால் போகிறது, வந்தவரைக்கும் லாபம். மாமாவிடம் சொல்லி வத்தல்மலைப் பயணத்தையும் இந்த வாரத்தோடு நிறுத்துங்கள்.

அந்த ரோடு எனக்கும் தெரியும். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், எதிரே எது இறங்கி வருகிறது என்று வளைவு முடியும்வரை தெரியாது. அந்த இடத்தில் ஒரு பையன் கற்றுக்கொள்வது துணிச்சலை மட்டும்தான். ஒரே வளைவை இருபது தடவை திரும்பத் திரும்ப எடுத்து, எந்தத் தடவை சரியாக வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால்தான் அது பயிற்சி. மலை ரோட்டில் அதற்கு வழியே இல்லை. விழுந்தால் என்ன ஆகும் என்பதை தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போய்வருகிற தருமபுரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த 199ஏ பிரிவின்படி, மைனர் பையன் ரோட்டில் வண்டி ஓட்டி மாட்டினால் குற்றவாளி நீங்கள்தான், அல்லது வண்டியின் உரிமையாளர். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ரேஸராக ஆசைப்படுகிறவனுக்கு இந்தக் கடைசித் தண்டனை எப்படி இருக்கும் என்று மாமாவையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். பையனின் தப்பை வண்டி தன் பலத்தால் மூடி மறைக்காத வகுப்பு எதுவோ, இந்த வயதுக்கு அதுதான் நல்ல வகுப்பு. பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

390-ஐ வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு பையனைக் கவனித்தேன். உங்கள் மகனைவிட இரண்டு வயது மூத்தவன் இருப்பான், வீட்டில் 390 வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் மற்றவர்களுக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பான், உடம்பை நிமிர்த்திக்கொள்வான், வளைவுக்குள் கிட்டத்தட்ட உருட்டிக்கொண்டு போவான், வண்டி நேரானதும் ஒரே முறுக்கு. 43 குதிரைத்திறன் இழுக்கிற இழுப்பில் அடுத்த நேர்ப்பாதையில் இரண்டு பேரைத் தாண்டிவிடுவான். பார்க்கிறவர்களுக்கு அவன்தான் வேகமானவன். அடுத்த செஷனில் பயிற்சியாளர் அவனை 165 சிசி வண்டியில் ஏற்றிவிட்டார். அதே பிரேக், அதே உருட்டல். முறுக்கினால் வண்டி வரவில்லை. மற்ற பையன்கள் வெளிப்பக்கமாகவே அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆக்சிலரேட்டரை முட்டும் அளவுக்குத் திருகி, அதற்கு மேலும் மணிக்கட்டை வளைத்துக்கொண்டே மூன்று சுற்று வந்தான். இறங்கினதும் சொன்னது, "வண்டி இழுக்கல சார்." வண்டியில் ஒரு குறையும் இல்லை. வளைவுக்கு முன்னால் தேவையில்லாமல் தொலைத்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கச் சின்ன இன்ஜினுக்குப் பாதி நேர்ப்பாதை வேண்டும், அவ்வளவுதான்.

390-லேயே இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் அவனுக்கு இது தெரிந்தே இருக்காது. வேகத்தை எவ்வளவு குறைத்தால் போதும், எங்கே பிரேக்கை விடவேண்டும், வளைவின் நடுவில் எத்தனை வேகத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பலம் குறைந்த வண்டியில்தான் கைக்கு வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கன்றைப் பிடித்த வருடமே வாசலில் விடுவார்களா என்று.

ஆக, இந்த வருடத்துக்கான வகுப்பு உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. மண்.

இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. 1978-ல் அமெரிக்காவிலிருந்து முதல் 500 சிசி உலகச் சாம்பியனாக வந்த கென்னி ராபர்ட்ஸ் மண் ஓவலில், அதாவது நீள்வட்ட மண் டிராக்கில் வளர்ந்தவர். 2006-ல் உலகின் உச்ச பைக் ரேஸான மோட்டோஜிபியில் பட்டம் வென்ற நிக்கி ஹேடனும் அப்படி வளர்ந்தவர்தான். இரண்டு முறை மோட்டோஜிபி சாம்பியனான ஆஸ்திரேலியாவின் கேசி ஸ்டோனர் சின்ன வயதில் டர்ட் டிராக்கிலேயே கிடந்தவர். இத்தாலியின் சாம்பியன் வாலன்டினோ ரோஸ்ஸி தன் ஊரான தவூலியாவுக்குப் பக்கத்தில் மண் டிராக் போட்டு வைத்திருக்கிறார், அவருடைய அகாடமிப் பையன்கள் பயிற்சிக்கு ஓடுவது அங்கேதான். ஸ்பெயினின் மோட்டோஜிபி சாம்பியன் மார்க் மார்க்கேஸ் இன்றுவரை மண்ணை விடவில்லை.

காரணம் எளிது. தார் டிராக்கில் டயர் வழுக்குவது நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நடக்கும். என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டுவதற்குள் பையன் தரையில் இருப்பான். செம்மண்ணில் அதே வழுக்கல் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துவிடும், ஒரு காலைப்பொழுதில் ஐம்பது தடவை வரும். பின்சக்கரம் விலகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடக்கூடாது, தோளை இறுக்கக்கூடாது, பார்வையைப் போகவேண்டிய இடத்திலேயே வைக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. உடம்பு தானாகச் செய்யும்வரை வழுக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். தக்காளி முடிந்து செடி பிடுங்கிய கொல்லையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். செடிக்கு ஊன்றிய குச்சி, கட்டுக்கம்பி, சொட்டு நீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. நீங்களே நடந்து கல் பொறுக்குங்கள். கிணறு இருக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம், வண்டி எவ்வளவு தூரம் சறுக்கினாலும் கிணற்றடிக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். நாற்பது தப்படி இடைவெளியில் காலி பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வையுங்கள், இடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதைச் சுற்றி நீள்வட்டம், இடப்பக்கம் பத்து நிமிடம், ஓய்வு, வலப்பக்கம் பத்து நிமிடம். நம் பையன்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம் நன்றாக வரும், இன்னொரு பக்கம் விறைத்துப்போகும். வராத பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஸ்ப்ளெண்டரே போதும், 8 குதிரைத்திறன் இதற்குத் தாராளம். ஆனால் சேலை கார்டையும் லெக் கார்டையும் கழற்றிவிடுங்கள், விழும்போது கால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவற்றில்தான். கண்ணாடிகளும் வேண்டாம். பின் டயரை மட்டும் மண்ணுக்கான பட்டன் டயராக மாற்றினால் நல்லது. முன்சக்கர பிரேக்கைக் கொஞ்ச நாள் தொடாமல் ஓட்டட்டும். அது பழகியபின், ஓவலின் ஒரு முனையை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். ஒரு வளைவு பிடிக்கும், மறு வளைவு வழுக்கும். மழை ரேஸுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

தலையை முழுசாக மூடுகிற ஹெல்மெட், கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ், கையுறை, முட்டி முழங்கைக் காப்பு, மார்புக் காப்பு. இவை இல்லாமல் கொல்லையில்கூடச் சாவியைத் தராதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமலும் ஓட்டக்கூடாது.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. போனில் நேரம் பார்த்து, பத்துச் சுற்றின் நேரத்தையும் அவனுடைய பழைய ரஃப் நோட்டில் வரிசையாக எழுதுங்கள். வேகமான சுற்று எது என்று பார்க்காதீர்கள், அவனிடமும் சொல்லாதீர்கள். பத்துச் சுற்றுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒரு சுற்று பறந்து, அடுத்த சுற்று தடுமாறி, மறுபடி பறக்கிற பையன் அதிர்ஷ்டத்தில் ஓட்டுகிறான். பத்தும் ஒரு வினாடிக்குள் அடங்க ஆரம்பித்தால் அவன் தெரிந்து ஓட்டுகிறான். பயிற்சி முகாம்களுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் தேடுவதும் இதைத்தான்.

மண் பக்கமே பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை. கேரளத்தின் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா, மண்மேடுகளைத் தாண்டிப் பறக்கிற சூப்பர்கிராஸில் தேசியப் பட்டங்கள் வாங்கி, பிறகு ராலிக்குப் போய், பாலைவனத்தில் நடக்கிற 2024 டக்கார் ராலியில் ராலி 2 பிரிவையே வென்றார். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர். அவருடைய டீமில் நம் ஓசூர் டிவிஎஸ் கம்பெனியின் பெயரும் இருந்தது. 2024-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் லீகில் ஜூனியர்களுக்கு 85 சிசி வகுப்பு வைத்தார்கள். சூப்பர்கிராஸில் எனக்கு இருக்கிற ஒரே தயக்கம், தாண்டுதல். வளர்கிற எலும்புக்கு அந்த உயரத்திலிருந்து விழுகிற அடி நல்லதில்லை. தட்டையான மண்ணில் அந்தப் பயம் குறைவு.

தார் டிராக்குக்கு வருவோம். இந்த வயதுக்கு அங்கே என் முதல் தேர்வு மினிஜிபி. உலக மோட்டார்சைக்கிள் சம்மேளனமான எஃப்ஐஎம் நடத்துகிற இந்தத் தொடர் பல நாடுகளில் ஒரே மாதிரி வண்டியில் நடக்கிறது. ஓவாலே என்ற இத்தாலிய வண்டி, 160 சிசி, சக்கரம் 10 அங்குலம்தான். இந்தியாவில் 2022-ல் ஆரம்பித்தது. 160 வகுப்புக்கு வயது 10-லிருந்து 14 வரை. ரேஸ் நடப்பது கோ-கார்ட் டிராக்குகளில். சின்ன வண்டி, சின்ன டிராக், இதில் என்ன இருக்கிறது என்று பல அப்பாக்கள் முகம் சுளிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, 165 சிசி வண்டியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். கார்ட் டிராக்கில் சில வினாடிக்கு ஒரு வளைவு வந்துகொண்டே இருக்கும், மூச்சு விட நேர்ப்பாதை கிடையாது. அரை மணி நேரத்தில் பையன் எடுக்கிற வளைவுகளின் எண்ணிக்கை அங்கேதான் அதிகம். விழுகிற வேகமும் குறைவு. கார்ட் டிராக்குக்கு உங்கள் ஊரிலிருந்து ஓசூர் தாண்டி பெங்களூரு போனால் போதும். இந்த வருட சீசன் எங்கே எப்போது, வயது வரம்பு என்ன என்பதை இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐயின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் வருடா வருடம் மாறும்.

உங்கள் மகனுக்கு இதில் ஒரு சீசன், மிஞ்சினால் ஒன்றரை சீசன் கிடைக்கும். அதற்குப் பின் ஒன் மேக். நம் ஓசூர் டிவிஎஸ் 1982-லிருந்து ரேஸில் இருக்கிறது, ஒன் மேக் சாம்பியன்ஷிப்பை 1994-லேயே ஆரம்பித்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே வண்டி, அதையும் கம்பெனியே தயார் செய்து தருகிறது. அப்பாவின் பணம் வண்டிக்குள் போய் ஒளிந்துகொள்ள இடமில்லை, பையன் பின்தங்கினால் காரணம் பையன்தான். இது வளர்கிறவனுக்குக் கசக்கும், ஆனால் நல்லது. தேசியச் சாம்பியன்ஷிப்பில் புதியவர்களுக்கான 165 சிசி நாவிஸ் வகுப்பும் இதே குணம்தான், பாதி நம் ரோட்டில் ஓடுகிற வண்டியே. கோயம்புத்தூர் கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், சின்ன வண்டிக்குப் பொருத்தமான இடம், உங்களுக்குச் சேலம் வழியாக நேர் ரோடு.

டேலண்ட் கப் விஷயம் வேறு. திறமையான இளம் ரைடர்களைத் தேர்ந்தெடுத்து ஓட்டவைக்கிற தொடர் அது, அதன் வண்டியாக இருந்தது ஹோண்டாவின் என்எஸ்எஃப் 250ஆர். ரேஸுக்கென்றே பிறந்த வண்டி, ஹெட்லைட் கிடையாது, ரோட்டில் ஓட்டவே முடியாது. எடை சுமார் 84 கிலோ, பலம் 48 குதிரைத்திறனுக்குப் பக்கம். நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த 390-ல் ஏறக்குறைய பாதி எடை, ஆனால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம். இப்படிப்பட்ட வண்டி மென்மையான கையைத்தான் மதிக்கும், முரட்டுக் கையைத் தூக்கி எறிந்துவிடும். 2019-ல் ஹோண்டா இதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது. ஆசிய டேலண்ட் கப் 2014-ல் இதே வண்டியில்தான் தொடங்கியது. 2016-ல் அதை வென்ற தாய்லாந்தின் சோம்கியாட் சாந்த்ரா 2025-ல் மோட்டோஜிபிக்கே வந்துவிட்டார். அதற்கு மேலே ரெட்புல் ரூக்கீஸ் கப், அங்கே கேடிஎம் வண்டி. 2014-ல் அதை வென்ற ஜோர்ஜே மார்டின் 2024-ல் மோட்டோஜிபி உலகச் சாம்பியன், 2020-ல் வென்ற பெத்ரோ அகோஸ்டா அடுத்த வருடமே மோட்டோ 3 சாம்பியன். உலக அளவில் ரைடர்களை உருவாக்குவதில் இந்த வரிசைக்கு இணையாக இப்போது வேறொன்று இல்லை என்பேன். உங்கள் மகன் அதன் வாசலுக்கு வருவதென்றால் 15, 16 வயதில் வரட்டும், அழைத்தால் மட்டும் வரட்டும். பணம் கட்டி முந்திக்கொண்டு போகிற இடமில்லை அது.

ரோட்டு வண்டியை மாற்றியமைத்து ஓட்டுகிற 300, 400 சிசி வகுப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். வெளிநாட்டில் சூப்பர்ஸ்போர்ட் 300 என்று 2017-லிருந்து உலகத் தொடராகவே நடந்தது, இளைஞர்களுக்கான படிக்கட்டு என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் என்றும் நம்பிக்கை இருந்ததில்லை. வண்டி கனம், பலம் குறைவு, எல்லோருக்கும் ஒரே வேகம். விளைவு, இருபது முப்பது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு கடைசிச் சுற்றுவரை கூட்டமாகப் போவது. முன்னால் போகிறவனின் காற்றுநிழலில் ஒதுங்கியே வென்றுவிடலாம் என்று ஆகும்போது, தனியாக வேகமாக ஓட்டத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பில்லை. கூட்டத்தில் ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் விலக இடமும் இல்லை.

சின்ன வண்டியே போதும் என்று சொல்லிவிட்டு இதை மறைக்க முடியாது. எல்லோருடைய வண்டியும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் கூட்டம் சேரும், கூட்டம்தான் ஆபத்து. 2021-ல் மட்டும் ஸ்பெயினின் அரகான் டிராக்கில் ஐரோப்பிய டேலண்ட் கப் ரேஸில் 14 வயதுப் பையன் ஒருவன் இறந்தான், இரண்டு மாதம் கழித்து ஹெரெஸில் சூப்பர்ஸ்போர்ட் 300 ரேஸில் 15 வயதுப் பையன் ஒருவன். இரண்டும் விழுந்தவன்மேல் பின்னால் வந்த வண்டி ஏறிய விபத்துகள். அதன்பிறகுதான் எஃப்ஐஎம் வயது வரம்புகளை உயர்த்தியது, ஒரு ரேஸில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதையும் குறைத்தது. நம் ஊரிலும் நடந்தது. 2023 ஆகஸ்டில் சென்னை டிராக்கில் இறந்த 13 வயது பெங்களூருச் சிறுவன், மினிஜிபி இந்தியப் பட்டத்தை வென்றவன். திறமையோ பயிற்சியோ இல்லாமல் வந்தவன் இல்லை அவன். உங்கள் மனைவி இந்தச் செய்தியைப் படித்திருப்பார். அவர் இஷ்டப்படாததற்குக் காரணம் தெரியாமை என்று நினைத்துப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

ஆகவே எந்த வகுப்பாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நடத்துகிறவர்களிடம் நேரில் கேளுங்கள்: ஒரு ரேஸில் எத்தனை பேர் கிளம்புகிறார்கள்? முதல்முறை ஓட்டுகிறவர்களையும் இரண்டு வருடம் ஓட்டியவர்களையும் ஒன்றாக விடுகிறார்களா? ஆம்புலன்ஸ் வெளியே போய்விட்டால் ரேஸை நிறுத்துவார்களா, டிராக்கில் டாக்டர் இருக்கிறாரா, பக்கத்து டிராமா ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பையனை விடாதீர்கள். அந்தக் கேள்விகளை அண்ணியே கேட்கட்டும். ஒருநாள் அவரை ரேஸ் நடக்கிற டிராக்குக்கு அழைத்துப்போங்கள். ரைடர்களுக்கான பிரீஃபிங், கொடி காட்டுகிற மார்ஷல்கள், மெடிக்கல் சென்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அந்த வருடம் வேண்டாம். 'இன்றைக்கு ஓட்டாதே' என்று எந்தக் காலையிலும் காரணம் சொல்லாமல் நிறுத்துகிற உரிமையும் அவருக்கே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே 390-க்கு அட்வான்ஸ் கொடுத்த ஆள்.

லேட்டா என்று கேட்டீர்கள். இல்லை. மார்க்கேஸ் நாலு வயதில் ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் 2023-லிருந்து உலக கிராண்ட் பிரீ ரேஸில் ஓட 18 வயது ஆகவேண்டும், ரூக்கீஸ் கப் மாதிரித் தொடரில் முன்னணியில் வந்தவர்களுக்குத்தான் விதிவிலக்கு. உங்கள் மகன் கையில் ஐந்து வருடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ட்ராய் பெய்லிஸ் பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்துக்கொண்டு இருபது வயதைத் தாண்டித்தான் முழுமூச்சாக ரேஸுக்கு வந்தார், மூன்று முறை சூப்பர்பைக் உலகச் சாம்பியன் ஆனார். 2006 வாலென்சியாவில் காயம்பட்ட இன்னொருவருக்குப் பதிலாக ஒரே ஒரு மோட்டோஜிபி ரேஸுக்கு வந்து அதையும் வென்றுவிட்டுப் போனார். நான் மேலே சொன்ன மண் ஓவல் நிக்கி ஹேடன் பட்டம் வென்றதும் அதே ரேஸில்தான். சென்னை சரத்குமார் 2011-ல் 125 சிசி கிராண்ட் பிரீ வரைக்கும் போனார். எண்ணிக்கை குறைவுதான், வழி இல்லாமல் இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 390-க்கு வைத்திருந்ததில் ஒரு பகுதியை எஃப்எம்எஸ்சிஐ அங்கீகரித்த பள்ளியில் முதல் நிலைப் பயிற்சிக்குக் கட்டுங்கள், ரேஸ் லைசென்ஸ் எடுக்க அந்தச் சான்றிதழ் தேவைப்படும். லெதர் சூட் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், 13 வயதுப் பையன் ஆறு மாதத்தில் அதற்குள் நுழையமாட்டான். ஹெல்மெட்டையும் முதுகுக் காப்பையும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

மகள் விஷயத்துக்குக் கடிதத்தில் ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். வயதைப் பார்த்தால் மினிஜிபிக்கு அண்ணனைவிடப் பொருத்தமானவள் அவள்தான். 11 வயதில் ஆரம்பித்தால் 14 வரை முழுசாக மூன்று சீசன். அவளுக்கு இன்னும் மலை ரோட்டுப் பழக்கமும் இல்லை, மறக்கவேண்டியது எதுவும் இல்லாமல் வருகிறாள். இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பலாம். நான் குறை சொன்ன அதே சூப்பர்ஸ்போர்ட் 300 வகுப்பில் 2018-ல் ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ பையன்களைத் தோற்கடித்து ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டம் வென்றார். 2024-ல் பெண்களுக்கென்று தனி உலகத் தொடர் தொடங்கியபோது முதல் சாம்பியனும் அவர்தான். பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா ராலி உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். நம் தேசியச் சாம்பியன்ஷிப்பிலும் ஒன் மேக்கிலும் பெண்களுக்குத் தனி வகுப்பு உண்டு.

ஸ்ப்ளெண்டர் அவள் உயரத்துக்குப் பெரிசாக இருக்கும். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றுகிற வண்டி கிடைக்கும்வரை அவளைக் கிரேட் ஓவலில் சைக்கிள் ஓட்டச் சொல்லுங்கள், அதே மண், அதே நோட்டு, அதே கணக்கு. யாருடைய பத்துச் சுற்று நெருக்கமாக வருகிறது என்று பார்ப்போம்.

ஒரு மாதம் கழித்து இருவருடைய வீடியோவையும் அனுப்புங்கள். பைக்கில் கட்டிய கேமரா வேண்டாம், மேலிருந்து எடுத்ததும் வேண்டாம். கிரேட்டிலிருந்து பத்தடி தள்ளி, வளைவின் உட்பக்கம் நின்று, போனை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, முன்சக்கரமும் வலது மணிக்கட்டும் தெரிய வேண்டும்.